ரொமான்டிக் காலப் பியானோ இசையில் குழப்பும் வளைகோடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே பியானோ படைப்பின் இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்துப் பாருங்கள். சுரங்கள் ஒன்றாகவே இருக்கும். அவற்றின் மேல் செல்லும் வளைகோடுகள், அதாவது ஸ்லர்கள், ஒன்றில் ஓரிடத்திலும் மற்றொன்றில் வேறிடத்திலும் தொடங்கி முடியும். மூலக் கையெழுத்துப் பிரதியைத் தேடிப் பிடித்தால் அங்கே மூன்றாவதாக ஒரு வடிவம் காத்திருக்கும். பியானோ கற்பவர்களும் கற்பிப்பவர்களும் இதுபற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஷோபானுக்கு அதிக இடம் போய்விட்டது. சிக்கல் அவரிடம்தான் மிக அடர்த்தி என்பதால் அதைக் குறைக்க மனம் வரவில்லை.

வளைகோடு தொடங்கும் இடத்தில் இசைச் சொற்றொடர் தொடங்குகிறது, முடியும் இடத்தில் முடிகிறது. அப்படித்தானே?

இல்லை. குழப்பத்தில் பாதி இந்த எண்ணத்திலிருந்துதான் பிறக்கிறது. வளைகோட்டுக்கு அக்காலத்தில் பல வேலைகள் இருந்தன. சுரங்களை இடைவெளியின்றி இணைத்து வாசிக்கச் சொல்வது ஒன்று. இரண்டு மூன்று சுரங்களைச் சிறு குழுவாக்கி, முதல் சுரத்துக்கு லேசான அழுத்தமும் கடைசிச் சுரத்துக்குத் தளர்வும் தரச் சொல்வது இன்னொன்று. ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் ‘டை’ கோடும் இதே வடிவம்தான். மும்மைக் குழுவைக் காட்ட ‘3’ என்ற எண்ணோடு போடும் வளைவும் அப்படியே. முழுச் சொற்றொடரையும் ஒரு குடைக்குள் கொண்டுவரும் நீண்ட கோடு இவற்றோடு பின்னால் வந்து சேர்ந்தது.

லியோபோல்ட் மோட்சார்ட் 1756இல் வெளியிட்ட வயலின் பாடநூலில், கோட்டுக்குள் அடங்கிய சுரங்களில் முதலாவதைச் சற்று வலுவாகவும் மற்றவற்றை அதனோடு இழைத்து மென்மையாகவும் வாசிக்கச் சொல்கிறார். 1789இல் வந்த ட்யுர்க்கின் விசைப்பலகைப் பாடநூலும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. வில்லை ஒரே இழுப்பில் இழுக்கும் வயலின் பழக்கம் விசைப்பலகைக் குறியீட்டுக்குள் இறங்கிவிட்டது. ஷூபர்ட் இந்த மரபில் வளர்ந்தவர். ஷோபான் இதாலிய ஓபரா பாடகர்களின் மூச்சைக் கேட்டு மயங்கியவர். இருவரின் கோடுகளையும் ஒரே விதியால் படிக்க முடியாது.

தாளப் பிரிவுக்கு (‘பார்’) ஒன்றாகத் துண்டு துண்டான கோடுகள் இருந்தால், பிரிவுகளைப் பிரிக்கும் ஒவ்வொரு குத்துக்கோட்டிலும் கையை எடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். செர்னி 1839இல் வெளிவந்த தன் பெரிய பியானோ பாடநூலில் (ஓபஸ் 500, அதாவது படைப்பு எண் 500) இதற்கு நேரடியாகவே விடை தருகிறார். கோடுகள் தொடராமல் பல துண்டுகளாக இருந்தாலும் அவற்றை ஒன்றாகவே கொள்ள வேண்டும். காதுக்குத் தெரியும் பிரிவு கூடாது. ஒரு சுரத்தைத் தனியே விடுவிக்க விரும்பும் இசையமைப்பாளர் அதன்மேல் புள்ளியோ சிறுகோடோ இட வேண்டும் என்கிறார். பேத்தோவனின் மாணவர், லிஸ்ட்டின் ஆசிரியர் எழுதியது. அந்தக் காலத்து வாசகர் காதில் என்ன ஒலித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

துண்டுக் கோடுகள் எல்லாமே வெறும் எழுத்துப் பழக்கம் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடவும் கூடாது. கோடு குத்துக்கோட்டோடு ஒத்துப்போகும் இடங்களில் செர்னியின் விதியை நம்பலாம். பிரிவின் நடுவே, எதிர்பாராத சுரத்தில் ஒரு கோடு முடிந்தால் அங்கே நின்று கவனியுங்கள். பழக்கத்தால் கை போட்ட கோடு அப்படி நடுவழியில் நிற்காது.

இரண்டு சுரக் கோடுகளுக்கும் நீண்ட கோடுகளுக்கும் வேறுபாடு உண்டா?

உண்டு. இதைப் பிராம்ஸே எழுதியிருக்கிறார். 1879இல் வயலின் கான்செர்ட்டோ அச்சாகும் வேளையில், பியானோக்காரர்கள் போடும் கோடுகள் வயலின் வாசிப்பவருக்கு வில்லிழுப்பைக் காட்டும் கோடுகளோடு மோதுகின்றன என்று வயலின் கலைஞர் யோசஃப் யோவாகிம் அவருக்கு எழுதினார். பிராம்ஸின் பதில், சாரமாக: பல சுரங்களின் மேல் செல்லும் கோடு எந்தச் சுரத்தின் கால அளவையும் குறைப்பதில்லை, அது லெகாட்டோவை, அதாவது இடைவெளியின்றி இணைத்து வாசிப்பதை, குறிக்கிறது, அதைக் குழுவுக்கோ சொற்றொடருக்கோ தன் மனப்போக்குக்கோ ஏற்பப் போட்டுக்கொள்கிறோம். இரண்டு சுரங்களின் மேல் இருந்தால் மட்டுமே இரண்டாவது சுரம் குறுகுகிறது.

‘மனப்போக்குக்கு ஏற்ப’ என்பதைக் கவனியுங்கள். எல்லாக் கோடுகளிலும் ஆழ்ந்த கட்டமைப்பைத் தேடி அலையும் ஆய்வாளர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு நிம்மதியாக இருக்கிறது. இரட்டைச் சுரக் கோடுகளை மட்டும் கறாராக மதித்து, நீண்டவற்றில் காதுக்கு இடம் கொடுக்கலாம் என்ற உரிமையைப் பிராம்ஸே வழங்கிவிட்டார்.

கையெழுத்துப் பிரதியில் கோடு எந்தச் சுரத்தில் தொடங்குகிறது என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

முதலில் அந்த ஒரு கோட்டை விட்டு விலகுங்கள். அதே பிரதியில் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருக்கும் ஏழெட்டுக் கோடுகளைப் பாருங்கள். கை எழுதும் விதம் அவற்றில் பிடிபடும். சிலர் முதல் சுரத்தைத் தாண்டிய பிறகே பேனாவை வைப்பார்கள். சிலர் கடைசிச் சுரத்தைக் கடந்து வெறுமையில் கோட்டை இழுத்துவிடுவார்கள். இந்தச் சாய்வு தெரிந்த பிறகு ஐயமான கோட்டுக்குத் திரும்பினால் பாதி தானாகவே தெளியும்.

அடுத்து, எது முதலில் எழுதப்பட்டது என்று பாருங்கள். சுரங்களைப் போட்டுவிட்டுக் குறிகளைப் பின்னால் சேர்ப்பது வழக்கம். இடமில்லாமல் நெருக்கியடித்த பக்கத்தில், மேலே இருக்கும் வரியின் பெடல் குறியோ விரல் எண்ணோ கோட்டின் பாதையை வளைத்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் கோட்டின் நுனியை வைத்து வாதாடுவது வீண். பிறகு அதே இசை திரும்ப வரும் இடம், இடக்கையில் அதோடு சேர்ந்து ஓடும் கோடு, அடித்துத் திருத்திய தடம் என்று சாட்சிகளைக் கூட்டுங்கள். அடித்துத் திருத்தியிருந்தால் அது பொன்னான சாட்சி. இசையமைப்பாளர் அந்த இடத்தைப் பற்றி இரண்டு முறை யோசித்திருக்கிறார் என்று பொருள்.

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. படிப்பவர்தான் பொருளறிந்து புள்ளியைச் சேர்த்துப் படிக்க வேண்டும். வளைகோட்டைப் படிப்பதும் அப்படிப்பட்ட வேலைதான். அடுத்தடுத்து வரும் இசையை அறியாமல் ஒரு கோட்டை மட்டும் படித்துவிட முடியாது.

வரியின் முடிவில் கோடு திறந்தபடி நிற்கிறது, அடுத்த வரியில் தொடர்ச்சி இல்லை.

மிக அதிகமாகக் காணப்படும் ஐயம் இது. இதற்கு எதிரானதும் உண்டு: முந்தைய வரியில் முடிந்துவிட்ட கோடு அடுத்த வரியில் இடப்பக்கமிருந்து வருவதுபோல் தொடங்கும். பக்கம் திரும்பும்போது மை உலர வேண்டியிருக்கும், கவனமும் சிதறும். வரி முடிவில் குத்துக்கோட்டைத் தாண்டிக் கோடு நீண்டிருந்தால் தொடர்கிறது என்று கொள்வதே பாதுகாப்பு. அப்போதும் எந்தச் சுரம் வரை என்பதை இசைதான் சொல்ல வேண்டும். பதிப்பாசிரியர்கள் அடுத்த பிரிவின் முதல் சுரத்தில் கோட்டை முடித்துவிடுவது வழக்கம். பல இடங்களில் அது பொருந்தும், எல்லா இடங்களிலும் அல்ல.

அச்சில் வந்த முதல் பதிப்பு இருக்கும்போது கைப்பிரதி எதற்கு? இசையமைப்பாளரே மேற்பார்த்திருப்பாரே?

அச்சான விதத்தை நினைத்துப் பாருங்கள். உலோகத் தகட்டில், கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாற்றிச் செதுக்கினார்கள். சுரத்தின் தலைகளையும் எழுத்துகளையும் அச்சு உளியால் தட்டிப் பதித்தார்கள். வளைகோட்டுக்கு அப்படி ஆயத்த உளி கிடையாது. அதைக் கூர்ங்கருவியால் கையாலேயே கீறினார்கள். ஆகவே ஒவ்வொரு கோடும் செதுக்குபவரின் சொந்த முடிவு. கைப்பிரதியில் தெளிவில்லாத ஒன்றைக் கண்டால் அவருக்குப் பழக்கமான வடிவத்துக்கு, அதாவது குத்துக்கோட்டில் தொடங்கிக் குத்துக்கோட்டில் முடியும்படி நேர்ப்படுத்திவிடுவார். தகட்டின் பின்புறத்தைத் தட்டிச் சமப்படுத்தித் திருத்தம் செய்யலாம்; அப்படித் திருத்திய தகடும் பழைய தகட்டு எண்ணோடே மறுபடி அச்சாகும். வெளிப்பார்வைக்கு ஒரே பதிப்பாகத் தெரியும் இரண்டு படிகளில் கோடுகள் வேறுபடுவதற்கு இதுவும் காரணம்.

மேற்பார்வை எப்போதும் நடந்ததும் இல்லை. பேத்தோவனின் ஓபஸ் 31 சொனாட்டாக்களைச் சூரிச்சில் வெளியிட்ட நேகெலி, முதல் சொனாட்டாவில் தாமாகவே நான்கு தாளப் பிரிவுகளைச் சேர்த்துவிட்டார். கொதித்துப்போன பேத்தோவன் சிம்ராக் பதிப்பகத்தின் வழியாகத் திருத்திய பதிப்பை வெளியிடச் செய்தார். சுரங்களுக்கே இந்தக் கதி என்றால் வளைகோடுகளை யார் பொருட்படுத்தியிருப்பார்கள்?

ஆனால் இசையமைப்பாளர்கள் பொருட்படுத்தினார்கள். 1825இல் ஓபஸ் 132 குவார்டெட்டின் படியைத் திருத்தும்போது பேத்தோவன் தம் உதவியாளர் கார்ல் ஹோல்ட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், கோடுகள் தாம் போட்டபடியே இருக்க வேண்டும், புள்ளி இருக்கும் இடத்தில் சிறுகோடு வரக் கூடாது, இரண்டும் ஒன்றல்ல என்று வற்புறுத்துகிறார். ‘அக்காலத்தில் இதெல்லாம் அவ்வளவு துல்லியமாகப் பார்க்க மாட்டார்கள்’ என்று சொல்பவர்களுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

ஷோபானுக்கு மட்டும் ஏன் மூன்று முதல் பதிப்புகள்?

நாடுகளுக்கிடையே பதிப்புரிமை ஒப்பந்தம் இல்லாத காலம் அது. பெர்ன் உடன்படிக்கை 1886இல்தான் வந்தது. ஒரு நாட்டில் மட்டும் வெளியிட்டால் மற்ற நாடுகளில் யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம். அதனால் ஷோபான் தன் முதிர்ந்த படைப்புகளில் பெரும்பாலானவற்றைப் பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து ஆகிய மூன்று இடங்களிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளியிட்டார். பாரிஸில் பெரும்பாலும் ஷ்லெசிங்கர், லைப்ஸிக்கில் பிரைட்காஃப் உண்ட் ஹெர்டெல், லண்டனில் வெஸ்ஸல்.

மூன்றுக்கும் மூலங்கள் வேறு. பாரிஸ் பதிப்புக்குச் சில நேரம் அவருடைய கைப்பிரதி, சில நேரம் ஒரு நகல். மெய்ப்பை அவரே பார்த்த படைப்புகள் பல. லைப்ஸிக்குக்கு நண்பர் யூலியன் ஃபொன்டானாவோ மாணவர் அடோல்ஃப் குட்மானோ எடுத்த நகல் போனதுண்டு, ஷோபானே எழுதிய இன்னொரு பிரதி போனதும் உண்டு. லண்டனுக்குப் பலமுறை பாரிஸ் மெய்ப்புத் தாள்களே போயின. 1840களில் ஃபொன்டானா அமெரிக்கா சென்ற பிறகு ஷோபானே ஒரே படைப்பை ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுத வேண்டியிருந்தது. நினைவிலிருந்தோ பார்த்தோ எழுதினாலும் அவர் கை ஒரே மாதிரி எழுதவில்லை. கோடுகள் நீண்டன, பிரிந்தன, இடம் மாறின.

ஓபஸ் 28 முன்னிசைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1839இல் வெளியான அவற்றுக்கு ஷோபானின் கைப்பிரதி இன்று வார்ஸாவில் போலந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது. பாரிஸில் கத்தெலின் வெளியிட்ட பதிப்பு அதிலிருந்து செதுக்கப்பட்டது. லைப்ஸிக் பதிப்பு ஃபொன்டானாவின் நகலிலிருந்து. ஆக, லைப்ஸிக் பதிப்பில் காணும் ஒரு கோட்டுக்கும் ஷோபானுக்கும் நடுவே ஃபொன்டானாவின் கண்ணும் செதுக்குபவரின் கையும் நிற்கின்றன. இத்தகைய சங்கிலியை ஒவ்வொரு படைப்புக்கும் தனித்தனியே வரைந்த பிறகே எந்தப் பாடபேதத்துக்கு எவ்வளவு எடை என்று சொல்ல முடியும். ‘பிரெஞ்சுப் பதிப்பே சரி’ என்ற பொதுவிதி வசதியானது, அவ்வளவுதான். பிரைட்காஃப் பின்னாளில் தன் தகடுகளை ஷோபானின் பங்களிப்பின்றியே திருத்தியிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரே பகுதி திரும்ப வரும்போது கோடு மாறியிருந்தால் அது பிழையா?

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் கேள்வி இது. பழைய பதிப்பாசிரியர்கள் தயங்காமல் ‘பிழை’ என்று முடிவெடுத்து இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ஷூமானிலோ பிராம்ஸிலோ அப்படிச் செய்வதற்குச் சில இடங்களில் நியாயம் இருக்கலாம். ஷோபானிடம் அது பெரும்பாலும் அழிவு வேலை.

ஏனெனில் அவர் ஒன்றை அப்படியே திரும்பச் சொல்வதை விரும்பியவர் அல்லர். ஓபஸ் 9இன் இரண்டாம் நாக்டர்னில் ஒரே பாடல் ஒவ்வொரு முறையும் புதிய அணிகளோடு வருகிறது. அது போதாதென்று மாணவர்களின் படிகளில் இன்னும் பல மாற்று அணிகளைப் பென்சிலால் எழுதிக் கொடுத்திருக்கிறார். சுரங்களையே மாற்றிக்கொண்டிருந்தவர் மூச்சு விடும் இடத்தை மாற்றியிருக்க மாட்டாரா? முதல் முறை கோடு ஒரே வீச்சாகச் சென்று, இரண்டாம் முறை நடுவில் முறிந்தால், இரண்டையும் அப்படியே வாசித்துப் பாருங்கள். முறிவு இசைக்கு ஏதாவது சொல்கிறதா என்று காது தீர்மானிக்கட்டும். எதுவும் சொல்லாவிட்டால் அப்போது பிழை என்று ஐயப்படுங்கள். ஒழுங்காக இருக்கிறது என்பதற்காகவே ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அழுத்தக் குறியா (>), ஒலி குறையச் சொல்லும் நீண்ட ‘>’ வடிவ ஹேர்பின் குறியா என்று புரியாத இடங்கள்?

ஷூபர்ட்டின் கை அழுத்தக் குறியைப் பெரிதாக எழுதும். நீண்டுவிட்டால் ஒலி குறையச் சொல்லும் குறியாகவே தெரியும். பியானோவுக்கு வெளியே, ‘முடியாத’ சிம்ஃபனியின் முதல் பகுதிக் கடைசி நாதம் அழுத்தத்தோடு முடிகிறதா, கரைந்து முடிகிறதா என்ற விவாதமே இந்த ஒரு குறியின் நீளத்தைப் பற்றியதுதான். ஷோபானிடம் நீண்ட அழுத்தக் குறி என்றே தனியாக ஒன்று இருப்பதாகப் பல பதிப்பாசிரியர்கள் இன்று ஏற்கிறார்கள்: சுரத்தைத் தாக்காமல், அதில் சற்று எடையோடு தங்கச் சொல்வது.

பிராம்ஸின் விரிந்து சுருங்கும் இரட்டை ஹேர்பினுக்கும் ஒரு குறிப்பு உண்டு. கிளாரா ஷூமானின் மாணவி ஃபேனி டேவிஸ், அந்தக் குறி ஒலியளவுக்கு மட்டுமன்றித் தாளத்துக்கும் உரியது என்கிறார். அதாவது அந்த இடத்தில் நேரத்தையும் சற்று விரிக்க வேண்டும்.

அச்சில் சுரமே மாறிய கதை உண்டா?

உண்டு, அது கோடுகளையும் பாதித்தது. ஷூபர்ட்டின் ஓபஸ் 90 இம்ப்ராம்ப்டுகளில் முதல் இரண்டு 1827இல் வந்தன. மூன்றாவது, ஜி ஃப்ளாட் மேஜரில் உள்ள அந்த நீண்ட அமைதியான பாடல், 1857இல்தான் வந்தது. ஷூபர்ட் இறந்து அப்போது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். ஆறு ஃப்ளாட்டுகள் வாசிப்பவர்களை விரட்டிவிடும் என்று கருதியோ என்னவோ, ஹாஸ்லிங்கர் நிறுவனம் அதை ஜி மேஜருக்கு மாற்றியது. நீண்ட தாளப் பிரிவுகளை இரண்டாக வெட்டவும் செய்தது. ஷூபர்ட் ஒரே மூச்சில் எழுதிய பிரிவின் நடுவே புதிதாகக் குத்துக்கோடு வந்ததும், அங்கே ஓர் அழுத்தம் பிறந்துவிடுகிறது. அந்தப் பழைய அச்சையும் மூல வடிவத்தையும் ஒருமுறை மாறிமாறி வாசியுங்கள். வளைகோட்டைத் தொடாமலேயே சொற்றொடரைக் கெடுக்க முடியும் என்பது விரல்களுக்கே விளங்கும்.

ஷோபானின் நேரடி மாணவர் மிக்குலி தொகுத்த பதிப்பை நம்பலாமா?

சாட்சியாக மதிக்கலாம், தீர்ப்பாக அல்ல. மிக்குலி 1840களில் ஷோபானிடம் பயின்றவர். அவருடைய பதிப்பு ஷோபான் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து வந்தது. முன்னுரையில் அவர் தரும் செய்திகள் விலைமதிப்பற்றவை. பக்கங்களில் உள்ள ஒவ்வொரு கோடும் அவ்வாறே ஆசிரியரிடமிருந்து வந்ததாகக் கொள்ள வழியில்லை. ஷோபான் இறந்த பின் 1855இல் ஃபொன்டானா வெளியிட்ட படைப்புகளில் இந்த எச்சரிக்கை இன்னும் தேவை. ‘ஃபன்டெசி இம்ப்ராம்ப்டு’வுக்கு ஷோபானே ஓர் ஆல்பத்தில் எழுதிக் கொடுத்த பிரதியை பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் 1960இல் பாரிஸில் கண்டெடுத்தபோது, ஃபொன்டானாவின் அச்சோடு அது பல இடங்களில் வேறுபட்டது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த பதிப்புகளில் கோடுகள் ஏன் அவ்வளவு நீளம்?

ரசனை மாறியது. லிஸ்ட்டின் மாணவர் கிளிண்ட்வொர்த் 1870களில் ஷோபானைத் தொகுத்தபோது கோடுகளைத் தன் புரிதலுக்கேற்ப மாற்றியமைத்தார். இசைக் கோட்பாட்டாளர் ஹ்யூகோ ரீமான் இன்னும் ஒருபடி மேலே போனார். இசை எப்போதும் எடுப்பிலிருந்து, அதாவது அழுத்தத்துக்கு முன் வரும் சுரத்திலிருந்து, அழுத்தத்தை நோக்கி நகர்கிறது என்பது அவர் கோட்பாடு. அதற்கேற்ப மூலக் கோடுகளை நீக்கி, குத்துக்கோடுகளைத் தாண்டிச் செல்லும் தம் சொந்தக் கோடுகளைப் பதித்தார். 1925இல் இன்னொரு கோட்பாட்டாளர் ஹைன்ரிஷ் ஷெங்கர் இந்தப் போக்கை நேரடியாகத் தாக்கிக் கட்டுரை எழுதினார். இசையமைப்பாளர் இட்ட லெகாட்டோ கோடுகளைத் துடைத்துவிட்டுப் பகுப்பாய்வை அதன்மேல் எழுதுவது மூலத்தை மறைக்கும் செயல் என்பது அவர் வாதம். அவர் பக்கமே நான் நிற்கிறேன்.

‘ஊர்டெக்ஸ்ட்’ என்று அட்டையில் இருந்தால் போதாதா?

மூலங்களை ஒட்டித் தொகுத்த பதிப்பு என்பதே அந்தச் சொல்லின் பொருள். அது நல்ல தொடக்கம். அந்தப் பதிப்புகளிலும் ஒவ்வொரு கோட்டுக்கும் யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். வேறுபாடு என்னவென்றால், முடிவெடுத்ததை மறைப்பதில்லை. பதிப்பாசிரியர் சேர்த்த கோடு புள்ளிக்கோடாகவோ அடைப்புக்குறிக்குள்ளோ இருக்கும். பின்னிணைப்பில் எந்த மூலத்தில் என்ன இருக்கிறது என்ற குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்புகளைப் படிக்காவிட்டால் இந்தப் பதிப்பை வாங்கியதன் பயனில் பாதி போய்விடும்.

கோடு முடியும் இடத்தில் கையைத் தூக்க வேண்டுமா?

ஷோபான் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட பாடநூல் குறிப்புகளில், மணிக்கட்டைக் குரலின் மூச்சோடு ஒப்பிடுகிறார். பாடகர் மூச்சு விடுமிடத்தில் மணிக்கட்டு லேசாக எழ வேண்டும். அது ஒலியை வெட்டுவது ஆகாது. பெடல் ஒலியைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதும் மணிக்கட்டு மூச்சு விடலாம். தவறான இடத்தில் மூச்சு விடுபவரைப் பற்றி, மொழி தெரியாதவர் மனப்பாடம் செய்த உரையை ஒப்பிப்பதுபோல் இருக்கிறது என்று ஷோபான் சொல்வதுண்டு என மிக்குலி பதிவுசெய்கிறார். ஐயமான கோட்டைப் பாடிப் பாருங்கள். இரண்டு மூன்று வடிவங்களையும் வாய்விட்டுப் பாடினால், அவற்றில் ஒன்று மூச்சுக்கு ஒத்துவராது என்று உடனே தெரியும்.

மூலங்களை எங்கே இலவசமாகப் பார்க்கலாம்?

ஷோபானின் முதல் பதிப்புகளுக்கென்றே தனி இணையத் தொகுப்பு இருக்கிறது. ஜான் ரிங்க் தலைமையில் உருவான அதன் துணைத் திட்டத்தில் கைப்பிரதிகளையும் பதிப்புகளையும் பிரிவு பிரிவாக அருகருகே ஒப்பிடலாம். பிராம்ஸுக்கு ல்யூபெக்கில் உள்ள பிராம்ஸ் நிறுவனமும் பேத்தோவனுக்கு பானில் உள்ள பேத்தோவன் இல்லமும் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. மற்றவர்களின் பழைய அச்சுகளில் ஏராளமானவை ஐஎம்எஸ்எல்பி தளத்தில் கிடைக்கும். அங்கே ‘முதல் பதிப்பு’ என்ற பெயரில் பிற்கால மறு அச்சும் இருக்கக்கூடும். தலைப்புப் பக்கத்தில் உள்ள பதிப்பகத்தின் பெயரையும் முகவரியையும் சரிபாருங்கள்.

தேர்வுப் பாடப் புத்தகத்தில் ஒரு கோடும் மூலத்தில் வேறொரு கோடும் இருந்தால், தேர்வில் எதை வாசிப்பது?

சென்னையிலும் பிற ஊர்களிலும் டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் தேர்வுகளுக்கு ஆயத்தமாகும் மாணவர்கள் தயக்கத்தோடு கேட்பது இது. தொடக்க நிலைகளில் புத்தகத்தில் உள்ளபடியே வாசிக்கட்டும்; இரட்டைச் சுரக் கோட்டின் தளர்வையும் நீண்ட லெகாட்டோவையும் விரல்கள் முதலில் கற்றுக்கொள்வதே அப்போது பெரிய வேலை. மேல்நிலைகளில் மாணவர் நம்பகமான ஊர்டெக்ஸ்ட் பதிப்பைப் பின்பற்றத் தயங்க வேண்டியதில்லை. எந்த வடிவத்தை எடுத்தாலும் அதைப் படைப்பு முழுவதும் உறுதியோடு வாசிக்க வேண்டும். ஓரிடத்தில் ஒரு பதிப்பு, அடுத்த இடத்தில் எளிதாக இருக்கிறது என்று இன்னொரு பதிப்பு எனக் கலந்து வாசித்தால் கேட்பவருக்கு அது தடுமாற்றமாகவே ஒலிக்கும்.